என் முட்டையை ஒதுக்கி வைத்தவளுக்கு

கண்ணு,

உன் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற சார் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "இத்தன பேரு போட்டி போடற எடத்துல உங்க பொண்ணு மட்டும் எப்படிங்க தனியாத் தெரிஞ்சா? அடுத்து வார புள்ளைங்களுக்கு உபயோகமா ஒரு பத்துக் குறிப்பு எழுதிக் குடுங்க" என்றார். பத்துக் குறிப்புக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பதெல்லாம் கோழிகளைப் பற்றிய குறிப்புகள்தான். அதுவும் பாதிக்கு மேல் உன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே கற்றுக்கொண்டது. அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வேலையை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். மலரில் போடுவதானால் போடட்டும், மற்றவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை நீ கிளம்புகிறாய். நான் இதை எழுதும்போது நீ உள்ளே சுடிதார்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாய். நேரில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுவாய். எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால் ஊற்றுகிறவரிடம் சொல்லியாயிற்று. தீவனம் இறக்க வந்த லாரி டிரைவரிடம் சொல்லியாயிற்று. கோழிக்கு ஊசி போட வந்த ஆட்களிடம் சொன்னபோது, "போன தடவையே சொன்னீங்களேக்கா" என்றார்கள். சொன்னால் என்ன, இன்னொரு தடவை கேட்டால் காது தேய்ந்துவிடுமா? மோகனூர் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற இடத்தில்கூட எப்படியோ பேச்சை உன் வேலைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று உன் அப்பா கிண்டல் செய்கிறார். அவர் மட்டும் என்னவாம்? தன் வண்டியில் முட்டை ஏற்றிக்கொண்டு போகிற ஊரிலெல்லாம் இதைத்தான் பேசிவிட்டு வருகிறார். என்னிடம் மாட்டிக்கொள்ளாமல் பேசுகிறார், அவ்வளவுதான்.

நீ உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு பயமும் இல்லை. படித்தால் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருச்செங்கோட்டுச் சாலையில் காலையில் நின்றால் ஒன்றன் பின் ஒன்றாகக் கல்லூரிப் பேருந்துகள் போவதைப் பார்க்கலாம். அதில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் படித்து முடிப்பார்கள், எல்லோருக்கும் வேலை வேண்டும் என்பது உன் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. சென்னையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஒரு பதிலும் வரவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட அவர்களுக்கு நேரமில்லை. நீ போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து மறுபடி கவிழ்த்து வைப்பாய். அதைப் பார்க்கப் பொறுக்காமல், "சோத்த உண்டுட்டு அப்பறமா அதையப் பாரு" என்று அதட்டுவேன்.

கல்லூரியில் உங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் கடினமாக உழைப்பவள், எல்லோரோடும் ஒத்துப்போவேன், என்னிடம் உள்ள ஒரே குறை எடுத்த வேலையை முடிக்காமல் தூங்க மாட்டேன் என்பதுதான். இதை நீ சாயங்காலம் கோழி ஷெட்டுக்குள் நடந்துகொண்டே இங்கிலீஷில் சொல்லிப் பழகுவாய். கோழிகளும் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதன் அர்த்தத்தை ஒருநாள் சொன்னாய். நான் விடுவேனா? "முடிக்காமத் தூங்க மாட்டியா? நேத்து சோத்துக் குண்டாவக் கழுவாமத் தூங்குனது ஆரு, பக்கத்தூட்டுப் புள்ளையா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டாய். நான் சும்மா கேலிக்குச் சொன்னதை நீ அப்படி எடுத்துக்கொள்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எடுத்த இடத்தில் நீ எழுதி வைத்த மக்காச்சோள வரிதான் எனக்கும் உனக்கும் பெரிய சண்டையாகிவிட்டது.

அந்த மக்காச்சோள விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன். என் தம்பி, உன் மாமா, கெங்கவல்லிப் பக்கம் மக்காச்சோளம் வாங்கி விற்கிறவன். கோழித் தீவனத்துக்கு நமக்கும் அவன்தான் அனுப்புவான். நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அவன் லோடு வந்தது. அன்றைக்கு நீ லீவில் வீட்டில் இருந்தாய். மேலே இருந்த மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாய். பூஞ்சை வாசம் அடிக்கிறது, இந்தச் சோளத்தைப் போட்டால் கோழி செத்துப்போகும் என்று பிடிவாதம் பிடித்து, லாரியை அப்படியே திருப்பி அனுப்ப வைத்தாய். தாய்மாமன் லோடு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்தானே? அவன் பதறிப்போய் நாமக்கல்லில் பரிசோதனைக்குக் கொடுத்தான். தார்ப்பாய் ஒழுகி மேல்வரிசை மூட்டைகள்தான் நனைந்திருந்தன, மற்றதெல்லாம் சுத்தம் என்று முடிவு வந்தது. நீ அதைப் படித்துப் பார்த்தாய். மறுநாள் காலையில் பஸ் ஏறி ஆத்தூர் போய், அங்கிருந்து கெங்கவல்லிக்குப் போய், அவன் குடோன் வாசலில் லோடுமேன்கள் எல்லோரும் நிற்கும்போது, "தப்பு என்மேலதான் மாமா, மேல்மூட்டையை மட்டும் பாத்துட்டுச் சொல்லிட்டேன்" என்றாயாம்.

இதை என் தம்பியே போனில் எனக்குச் சொன்னான். அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஏஞ்சாமி, இதைய ஒரு போன்ல சொன்னாப் பத்தாதா, இவ்வளவு தொலவு வரோணுமான்னு கேட்டேங்க்கா. அதுக்கு என்ன சொல்றா தெரியுமா? போன்ல சொன்னா உங்களுக்கு மட்டுந்தான் மாமா கேக்கும், லோடு திரும்பி வந்ததப் பாத்தவங்க எல்லாருக்கும் கேக்கோணும்லங்கறா." அதற்குப் பிறகு ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, எந்த லோடு வந்தாலும் நடு மூட்டையிலும் அடி மூட்டையிலும் குத்திப் பார்க்காமல் நீ வாயைத் திறப்பதில்லை. மாமனும் உன் கையில் மீட்டரைப் பார்த்தால்தான் இப்போது நிம்மதியாகப் பில் போடுகிறான்.

நல்ல கதைதான், வீட்டுக்குள் சொல்லிச் சிரிக்கலாம். அதைக் கொண்டுபோய் வேலைக்கு விண்ணப்பிக்கிற தாளில் எழுதுவாயா? 'ஒரு லோடு மக்காச்சோளத்தைச் சரியாகச் சோதிக்காமல் திருப்பி அனுப்பினேன், அது என் தவறு, அதன்பிறகு இப்படிச் சோதிக்கிறேன்' என்று நீ எழுதி வைத்ததைப் படித்துக் காட்டியபோது எனக்குத் தலை சுற்றியது. "பொண்ணு பாக்க வாரவங்ககிட்டப் புள்ளைக்கு முன்கோவம்னு ஆராச்சும் முதல்ல சொல்லுவாங்களா? அதைய எடு" என்று கத்தினேன். நீ எடுக்கவில்லை. "எல்லாரும் நல்லதாத்தாம்மா எழுதறாங்க. ஒன்னுபோல இருந்தா எதைய நம்பறது? இதையப் படிச்சா, இவ மத்தது எழுதுனதும் நெசமாத்தான் இருக்கும்னு தோணும்ல" என்றாய். எனக்கு அன்று அது வெறும் திமிராகத்தான் தெரிந்தது. உன் அப்பாவைத் துணைக்கு அழைத்தேன். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "எழுதட்டுமே, சோளந்தான?" என்றார். அவரிடம் கேட்டதே என் தப்பு.

இதற்கு நடுவே உன் மாமன் ஒரு வழி செய்தான். நாமக்கல்லில் அவனுக்குத் தெரிந்த தீவன மில்லில் கணக்கு எழுதுகிற இடம் காலியாகிறது, முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பிள்ளையை வரச்சொல் என்றான். நம்மிடம் அப்படித்தானே பழக்கம்? பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமென்றாலும், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றாலும், முதலில் உள்ளே யாரைத் தெரியும் என்றுதான் கேட்போம். கணக்கு எழுதும் வேலை உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவிநாசிப் பக்கத்து கேக், பிஸ்கட் கம்பெனியிலிருந்து கடைசிச் சுற்று நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மூலப்பொருளின் தரம் பார்க்கிற வேலை. இது கிடைக்கவில்லையென்றால் மில்லுக்குப் போகிறேன் என்று நீயே சொன்னாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. படித்த படிப்பை ஓரமாக வைத்துவிட்டு உட்காரப் போகிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். எப்படியாவது இந்த வேலை உனக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

அந்த வெறியில் செய்ததுதான் முட்டை. கோழிப் பண்ணைக்காரர்கள் வெறுங்கையோடு எங்கே போயிருக்கிறோம்? பேங்க் மேனேஜர், கரண்ட் ஆபீஸ், உன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், எல்லோரையும் ஒரு அட்டை முட்டையோடுதானே போய்ப் பார்த்திருக்கிறேன். "நான் போய்க்கறேம்மா, நீ வர வேணாம்" என்று நீ சொல்லச் சொல்ல, துணைக்கு வருகிறேன் என்று கிளம்பினேன். இரண்டு அட்டை முட்டையைச் சணல் கயிறு போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். யாருக்கு என்று கேட்டாய். சிங்காநல்லூரில் இருக்கிற பெரியம்மாவுக்கு என்று சொன்னேன். பெரியம்மா முட்டையே சாப்பிடமாட்டாள் என்பது அப்போது உனக்கும் ஞாபகம் வரவில்லை, நல்லவேளை. இதில் இன்னொரு கூத்து. பெரிய கம்பெனியாயிற்றே, எச்சம் ஒட்டியிருந்தால் என்ன நினைப்பார்கள் என்று தேங்காய் நார் வைத்துத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். முட்டையைக் கழுவக் கூடாது, ஓட்டின் மேலே இருக்கிற பூச்சு போய்விடும், சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பண்ணைக்கு வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். ஆனாலும் கழுவினேன். பளபளவென்று இருந்தது. எனக்கே ஆசையாக இருந்தது.

கம்பெனி வரவேற்பறையில் உன்னைப்போல நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அழகாக உடுத்தியிருந்தார்கள். இங்கிலீஷில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு சென்னைப் பெண் எனக்கு எழுந்து இடம் கொடுத்தாள். நீ சர்டிபிகேட்டுகளைச் சரிபார்க்க உள்ளே போனாய். அந்த நேரத்தில் நூல்சேலை கட்டிய ஒரு அம்மா தண்ணீர் பிடிக்க வந்தார். பார்த்தால் நம் ஊர் டீச்சர் மாதிரி இருந்தார். எழுந்து போய், "ஏனுங்க, நீங்க இங்கதான் வேலைங்களா?" என்றேன். "ஆமாங்க" என்றார். அவ்வளவு போதும் எனக்கு. "இது எங்க பண்ணை முட்டைங்க. இதைய உள்ளார பெரியவங்ககிட்டக் குடுத்துருங்க. என்ற புள்ள இன்னைக்கு வந்திருக்கறா. கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க சாமி" என்று அட்டையை அவர் கையில் வைத்தேன். அவர் முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தப் பொண்ணுங்க?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். சரிங்க என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். காரியம் முடிந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

முதலில் போன பையன் வெளியே வந்து, "டேபிள்ல முட்டையை வெச்சுக் கேள்வி கேக்கறாங்க" என்று மற்றவர்களிடம் சொன்னான். என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது தெரியுமா? என் முட்டை உள்ளே போய் உனக்காக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியாக உன்னைக் கூப்பிட்டார்கள். அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். நான் நைசாக இடம் மாறி, உள்ளே தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். நடு நாற்காலியில் அந்த நூல்சேலை அம்மா! தரப் பிரிவுக்கே தலைவர் அவர்தான். மேசைமேல் என் அட்டைகள். நீ அதைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாய். என் சணல் முடிச்சு உனக்குத் தெரியாதா? பிறகு ஏதோ சொன்னாய். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ உட்கார்ந்து, போனில் டார்ச்சைப் போட்டு, ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தின்மேல் வைத்துத் திருப்பினாய்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முட்டை பார்க்கிற கை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஒன்றை எடுத்தாய், திருப்பினாய், அட்டையில் வைத்தாய். அடுத்ததை எடுத்தாய், திருப்பினாய், தனியாக ஒதுக்கி வைத்தாய். ஓட்டில் மயிரிழை போலக் கீறல். பஸ்ஸில் மடியில் குலுங்கியதில் விட்டிருக்கும். இன்னொன்று, அதையும் ஒதுக்கினாய். கட்டைவிரலால் ஓட்டைத் தடவிப் பார்த்து, அட்டையில் ஈரம் காய்ந்த தடத்தை அவர்களுக்குக் காட்டினாய். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. கழுவியதைக் கண்டுபிடித்துவிட்டாள், அதை அவர்களிடம் சொல்லிக்கொண்டும் இருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியே விரிசல் விட்டிருக்க வேண்டும். பெற்ற பிள்ளை, என் பண்ணை முட்டையை, நாலு பேர் நடுவே கழித்துப் போடுகிறாள்!

திரும்பி வரும்போது ஈரோடு தாண்டும்வரை நான் உன்னோடு பேசவில்லை. திருச்செங்கோட்டு மலை கண்ணில் பட்டபோது என்னால் அடக்க முடியவில்லை.

"எம்முட்டைய எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டியா?"

"ஆமாம்மா."

"அத்தன பேருக்கு முன்னால?"

"முதல்லயே சொல்லிட்டேம்மா, இது எங்க பண்ணை முட்டை, எங்கம்மாதான் கொண்டாந்திருக்குது, அதனால நான் பாக்கறது முறையில்ல, வேற ஆராச்சும் பாக்கட்டும்னு. அந்த மேடம்தான், இருந்தாலும் நீ பாருன்னாங்க. பாத்தா இருக்கறதத்தான சொல்லோணும்?"

"நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா உன்ற வாய் தேஞ்சா போயிரும்?"

"கழுவுன முட்டைம்மா அது. கேக்குல போட்டு எத்தன கொழந்தைங்க திங்கும்? நீயே சொல்லு, உங்கிட்ட ஒரு வேவாரி இப்படிக் கொண்டாந்தா வாங்குவியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாங்கமாட்டேன். அட்டையோடு திருப்பி அனுப்பியிருப்பேன், நாலு வார்த்தை திட்டியும் அனுப்பியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து நீயே மெதுவாகச் சொன்னாய். "திருப்பி அனுப்பறப்ப என்ன செய்வேன்னு கேட்டாங்கம்மா. ஏன் எடுக்கலைங்கறதப் பண்ணைக்காரங்களுக்கு வெவரமாச் சொல்லி அனுப்புவேன், இல்லீன்னா அடுத்த தடவையும் அவங்க நல்லது செய்யறதா நெனச்சு இதையவே செய்வாங்கன்னு சொன்னேன். உங்கம்மா கோவிச்சுக்க மாட்டாங்களான்னாங்க. கோவிச்சுக்கும், ஆனா இனி கழுவாதுன்னேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், கோபமாக இருக்கிறவள் சிரிக்கக் கூடாதல்லவா. ஆனால் நீ பார்த்துவிட்டாய். நாமக்கல் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனாய்.

அன்றைக்கு முட்டைப் பேச்சு முடிந்ததும் உன்னிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே அந்த மக்காச்சோளத்தைப் பற்றித்தான் என்று வீட்டுக்கு வந்தபிறகு சொன்னாய். இங்கிலீஷில் ஆரம்பித்து, நடுவில் திக்கி, தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டு, முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. அந்தச் சாருடைய பத்துக் குறிப்பில் இது எத்தனையாவதோ தெரியாது. மாமனின் சோளத்தில் நீ தப்பு, என் முட்டையில் நான் தப்பு. இரண்டையும் நீ ஒரே குரலில்தான் சொல்லியிருக்கிறாய். உன் தப்பைச் சொல்லும்போது மென்று முழுங்கவும் இல்லை, என் தப்பைச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் இல்லை. அங்கே வந்திருந்த மற்ற பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்தான், உன்னைவிட மார்க் வாங்கினவர்கள், உன்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள். ஆளை எடுக்கிறவர்கள் பாவம் என்ன செய்வார்கள்? எல்லோரும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றால் எதை வைத்துப் பார்ப்பார்கள்? நீ உள்ளபடி போய் நின்றாய். நின்றவள் என் பிள்ளை.

ஆனால் பெருமை வேறு, பயம் வேறு. பதில் வர நாளாயிற்று. அதற்குள் மில் முதலாளி உன்னை வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். நீ நேரில் போய், "இன்னொரு எடத்துல பதிலுக்குக் காத்திருக்கறேனுங்க, அது கெடச்சாப் போயிருவேன், தெரிஞ்சுதான் நீங்க எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? வேறு ஆளைப் போட்டுவிட்டார். என் தம்பி போனில் என்னைப் பிடி பிடியென்று பிடித்தான். "அரிச்சந்திரன் ஊட்டுக்குப் பொண்ணுக் குடுத்த மாதிரி இருக்குதுக்கா" என்றான். கையில் இருந்ததும் போயிற்று. அவிநாசியிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. நீ மறுபடி போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாய். இரண்டு பொய், சின்னச் சின்னதாக, சொல்லியிருந்தால் இந்நேரம் ஒரு வேலையாவது இருந்திருக்குமே என்று நான் நினைக்காமல் இல்லை. உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் இருந்ததற்கு இன்றைக்குச் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியாது. அந்த மேடம் கூப்பிட்ட அன்று நீ ஷெட்டுக்குள் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாய். அங்கே சிக்னல் கிடைக்காது. அதனால் நீ கொடுத்திருந்த இரண்டாவது நம்பருக்கு, எனக்கு அடித்தார். "உங்க பொண்ணை எடுத்துக்கலாம்னு இருக்கோம். அவங்ககிட்டப் பேசறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒன்னு சொல்லிடறேங்க. வெளியில இருந்து வர்ற சரக்கைப் பாத்து உள்ள எடுக்கற எடத்துலதான் அவங்க உக்காருவாங்க. அதனால அவங்க இங்க இருக்கற வரைக்கும் உங்க பண்ணை முட்டையை நாங்க வாங்க முடியாது. அன்னைக்கே அவங்க இதைச் சொல்லிட்டாங்க. ஆனா பண்ணை உங்களுதுங்களே, நாளைக்கு உங்களுக்கு மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க" என்றார்.

கண்ணு, உன் அம்மா யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கம்பெனி வாசலில் லாரியிலிருந்து முட்டை இறங்குவதை நானும் பார்த்தேன். நடுவில் ஆள் இல்லாமல் நேராக ஒரு கம்பெனிக்கு முட்டை போட வேண்டும் என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும் எத்தனை காலத்து ஆசை என்று உனக்கே தெரியும். உனக்கு வேலை கிடைத்தால் பின்னாலேயே நம் வண்டியும் உள்ளே போய்விடும் என்று, அட்டையை மடியில் வைத்திருந்தபோதே எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அந்தக் கதவைத்தான் நீ முதல் நாளே சாத்திவிட்டு வந்திருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஷெட்டைப் பார்த்தேன். நீ கூடையை இடுப்பில் வைத்து, வரிசை வரிசையாக, ஒரு கோழியையும் விடாமல் தீவனம் போட்டுக்கொண்டு வந்தாய். அந்தம்மா, "இருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். உன்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். நீ கையெல்லாம் தீவனத்தோடு ஓடி வருவதற்குள் அவருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்.

"முட்டைய நான் எங்க வேணாலும் வித்துக்குவனுங்க. நீங்க என்ற புள்ளைய எடுத்துக்கங்க."